மூலையில் ஒரு மஞ்சள் கட்டம்

1. யாரும் தொடாத டச் போன்

எங்கள் கடைக்கு முதல் டச் போன் வந்த அன்று அதை யாருமே தொடவில்லை. திருமங்கலம் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய செல்போன் கடை அது. பட்டன் போன்களுக்கு நடுவில் அதைத் தனியாக நிறுத்தி, கண்ணாடிப் பெட்டியைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார் பாய். பாய் என்றால் எங்கள் முதலாளி. வருகிறவர்கள் எல்லாம் குனிந்து பார்த்தார்கள், விலையைக் கேட்டார்கள், நிமிர்ந்து போய்விட்டார்கள்.

கடை மூடப்போகும் நேரத்தில் பாய் என்னைக் கூப்பிட்டார்.

"எஸ்தரம்மா, இதை நீங்கதான் கத்துக்கிட்டு வாரவங்களுக்குச் சொல்லிக் குடுக்கணும். நீங்க டீச்சருக்குப் படிச்சவங்கள்ல?"

டீச்சருக்குப் படித்தவள்தான். என் வீடு பசுமலையில். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் கிளார்க். எனக்கும் அங்கேயே ஒரு வேலை அமையும் என்று வீடே ஜெபித்தது. அமையவில்லை. காத்திருந்து அலுத்துப்போய், கொஞ்ச நாளைக்கு என்று சொல்லிக்கொண்டு இந்தக் கடைக்கு வந்தேன். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடிந்தபாடில்லை. இப்போது சேல்ஸ் பகுதி முழுவதும் என் பொறுப்பு.

வாடிக்கையாளர்கள் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். அதற்குக் காரணம் என் படிப்பு இல்லை, என் வாய். டச் ஸ்கிரீனை யாராவது நகத்தால் அழுத்தினால் எனக்குப் பொறுக்காது.

"நகத்தால குத்தாதீங்கண்ணே. பேனையா நசுக்குறீங்க? சும்மா தடவுங்க, போதும்."

அப்படித் தடவியும் சிலருக்கு வேலை செய்யாது. மண்வெட்டி பிடித்தும் கல் தூக்கியும் விரல் காய்த்துப் போனவர்களை அந்தக் கண்ணாடிக்கு அடையாளம் தெரியாது. அவர்கள் தொடுவார்கள், அது அப்படியே இருக்கும். முகம் சுருங்கிப்போய், "நமக்கெல்லாம் இது ஒத்துவராது தாயி" என்று போனைத் திருப்பி வைப்பார்கள். அது எனக்குப் பெரிய எரிச்சலாக இருந்தது. உழைக்கிறவன் விரலை மதிக்காத ஒரு பொருளை உழைக்கிறவனிடமே விற்கச் சொன்னால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? நானே ஒவ்வொரு விரலாகத் தொடச் சொல்லிப் பார்த்து ஒரு வழி கண்டுபிடித்தேன். சுண்டு விரல். எந்த வேலையிலும் அது அவ்வளவாகக் காய்த்துப்போவதில்லை. அந்த விரலால் தொட்டால் போன் கேட்கும்.

அப்புறம் என் கவுன்ட்டரில் பெரிய பெரிய மீசைக்காரர்கள் எல்லாம் சுண்டு விரலை நீட்டி போன் பழகினார்கள். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். நான் சிரிக்க மாட்டேன், சிரித்தால் வியாபாரம் போய்விடும்.

2. நான் பார்க்காமல் இருக்கப் பழகியது

புதிதாக எது வாங்கினாலும் பொட்டு வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பைக், மிக்ஸி, கேஸ் அடுப்பு, தையல் மிஷின், எல்லாவற்றுக்கும் சந்தனம் குழைத்து வைத்து நடுவில் குங்குமம் வைத்துவிடுவார்கள். போன் மட்டும் என்ன பாவம் செய்தது? வாங்கிய கையோடு கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். இல்லாவிட்டால் வீட்டில் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, பொட்டு வைத்து, சூடம் காட்டி எடுப்பார்கள். எங்கள் கடையின் பில் போடும் பிரின்டரில்கூட பொட்டு உண்டு. அக்கவுன்ட்ஸ் பார்க்கும் பெண் வைத்தது. பாய் ஒன்றும் சொன்னதில்லை.

நாங்கள் வேதக்காரர்கள். எங்கள் வீட்டில் புதிய பொருள் வந்தால் கண்ணை மூடி ஜெபம் செய்வோம், பொட்டு கிடையாது. அதனால் இந்த விஷயத்தில் எனக்கு ஆரம்பத்திலேயே ஒரு அடி விழுந்தது. சார்ஜ் ஏறவில்லை என்று ஒரு அம்மா போனைக் கொண்டுவந்தார். கையில் எந்தப் போன் வந்தாலும் முதலில் துணியால் துடைப்பது என் பழக்கம். துடைத்தேன். பொட்டு போய்விட்டது. அந்த அம்மாவுக்கு முகமே மாறிவிட்டது.

"பூசை போட்டு வச்ச பொட்டும்மா. அது தானா உதிரணும். இப்டித் தொடச்சுப்புட்டீங்களே."

பாய்தான் வந்து சமாதானம் சொன்னார். அந்த அம்மா போனபிறகு என்னிடம் தணிந்த குரலில், "அவங்க சாமி விசயத்துல நம்ம கை படவேணாம் எஸ்தரம்மா. நானும் அங்கிட்டுப் பாக்குறதே இல்ல" என்றார்.

அன்றிலிருந்து நானும் பார்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். பொட்டு வைத்த போன் வந்தால் ஓரத்தைப் பிடித்து வாங்குவேன், வேலையை முடித்து ஓரத்தைப் பிடித்தே திருப்பிக் கொடுப்பேன். அது மரியாதை என்று நினைத்தேன். இப்போதும் அது மரியாதைதான். ஆனால் தினமும் ஒன்றைப் பார்க்காமல் இருக்கப் பழகிவிட்டால், பார்க்க வேண்டிய நாளிலும் அது கண்ணில் படாது. அதை எனக்குக் காட்டியவர் இருளப்பன் அண்ணன்.

3. மொகம் தெரியுமா?

அது ஆயுத பூஜைக்கு முந்தின நாள். கடையில் நிற்க இடமில்லை. ஆயுத பூஜைக்குப் புதுப் போன் எடுப்பது என்று ஒரு வழக்கம் எப்படியோ வந்துவிட்டது. எனக்கு ஒரே நேரத்தில் ஆளாளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

கூட்டத்துக்குப் பின்னால் ஒருவர் சுவரை ஒட்டி நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, மடித்துக் கட்டிய வேட்டி, நரைத்த மீசை. முட்டி மோதி முன்னால் வரவில்லை. வரிசை தானாகத் தன்னிடம் வரட்டும் என்று நின்றவரை நான்தான் கூப்பிட்டேன்.

"அண்ணே, உங்களுக்கு என்ன வேணும்?"

"டச் போன்."

"என்ன மாதிரி பாக்குறீங்க? பேட்டரி நிக்கணுமா, கேமரா நல்லா இருக்கணுமா, எம்புட்டு ஸ்டோரேஜ் வேணும்?"

நான் அடுக்கிக்கொண்டே போனேன். அவர் கவுன்ட்டரில் கையை ஊன்றி, கொஞ்சம் குனிந்து, பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் ஒன்று கேட்டார்.

"தாயி, இதுல பேசுனா மொகம் தெரியுமா?"

"இப்ப எல்லாத்துலயும் தெரியும்ணே. வீடியோ கால் இல்லாத போன் எங்க இருக்கு?"

"ரெண்டு பக்கமும் தெரியுமா? நம்ம மொகமும் அவுகளுக்குத் தெரியுமா?"

"தெரியும்ணே, தெரியும்." பின்னால் ஆள் நிற்கிற அவசரத்தில் சொன்னேன். யாருக்கு, எதற்கு என்று கேட்கவில்லை.

ஒரு போனை எடுத்துக் கொடுத்தேன். ஊர் டி. கல்லுப்பட்டிப் பக்கம் என்றார். மானாவாரிக் காடு, சோளமும் பருத்தியும் போடுகிறாராம். கையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, பெருவிரலும் ஆள்காட்டி விரலும் வேலைக்கு ஆகாது. சுண்டு விரல் வித்தையைச் சொல்லிக் கொடுத்தேன். சிம்மை மாற்றி, வாட்ஸ்அப் போட்டு, அவரைச் சுவர் ஓரமாக நிறுத்தி ஒரு போட்டோ எடுத்து அதையே முகப்புப் படமாக வைத்தேன். பெயர் கேட்டதற்கு "இருளப்பன்னு போடு தாயி" என்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தார். ஒரு நம்பர். "இத மட்டும் ஏத்திக் குடு, போதும்" என்றார். "என்ன பேருண்ணே?" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "செல்வி" என்றார்.

"பச்சையா இருக்கிறது சாதாக் கால். பக்கத்துல கேமரா படம் போட்டிருக்குல்ல, அதைத் தொட்டா வீடியோ கால். சுண்டு விரலு, மறந்துறாதீங்க."

வழக்கமாக நானே ஒரு வீடியோ கால் போட்டுக் காட்டுவேன். அன்று கூட்டத்தில் அது விட்டுப்போயிற்று.

4. இத நீங்களே வச்சுக்கங்க

பூஜை விடுமுறை முடிந்து கடை திறந்த அன்று காலையிலேயே அவர் வந்துவிட்டார். போன் அட்டைப் பெட்டிக்குள் இருந்தது. சார்ஜர், பில், மேலே ஒட்டிய பிளாஸ்டிக் உறைகூட பத்திரமாகத் திரும்பி வந்திருந்தது. பெட்டியைக் கவுன்ட்டரில் வைத்தார்.

"இத நீங்களே வச்சுக்கங்க தாயி."

"ஏண்ணே, என்ன ஆச்சு?"

"சரியில்ல."

"என்ன சரியில்லன்னு சொன்னாத்தானே தெரியும். சத்தம் கேக்கலையா? டவர் எடுக்கலையா?"

"எல்லாம் கேக்குது. சரியில்ல. அம்புட்டுத்தேன்."

பாய் வந்து, பயன்படுத்திய போனைத் திரும்ப எடுக்க முடியாது என்பதைப் பக்குவமாகச் சொன்னார். அவர் சண்டைக்கு நிற்கவில்லை. "காசு வேணாம் பாய். இது வீட்ல இருக்க வேணாம்" என்றார். அந்தச் சொல் எனக்குச் சுருக்கென்றது. எத்தனையோ பேர் போனைத் தூக்கி எறிகிற கோபத்தில் வந்து பார்த்திருக்கிறேன். காசு வேண்டாம் என்று ஒருவரும் சொன்னதில்லை.

உட்காரச் சொன்னேன். ஓரத்தைப் பிடித்துப் போனை வாங்கி ஒவ்வொன்றாகச் சோதித்தேன். டவர் முழுதாக இருந்தது. என் போனிலிருந்து அடித்தேன், மணி கேட்டது. பேசினேன், அவர் குரல் சுத்தமாக வந்தது. ஸ்பீக்கர், மைக், டேட்டா எல்லாம் சரி. எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. நல்ல போனைக் கொண்டுவந்து சரியில்லை என்றால் என்ன அர்த்தம்?

"அண்ணே, போன் நல்லாத்தேன் இருக்கு. நீங்க எதையாச்சும் மாத்தித் தொட்டீங்களா?"

"நான் எதையும் தொடல. பேசும்போது மூலையில மஞ்சளா ஒரு கட்டம் வரும்ல, அதக்கூடத் தொடல. தொட்டா கெட்டுப்போகுமோன்னு கைய மடக்கிக்கிட்டேன்."

"எந்தக் கட்டம்?"

"அதேன், படம் வச்சுப் பேசும்போது. அவுக மொகம் பெருசாத் தெரியும். மூலையில சின்னதா மஞ்சக் கட்டம் வரும்."

வீடியோ காலில் மூலையில் வருவது நம்முடைய முகம். அதில் மஞ்சள் எங்கிருந்து வரும்? என் போனை எடுத்து அவருக்கு வீடியோ கால் போட்டேன். அவர் சுண்டு விரலால் எடுத்தார். அவர் எனக்கு எதிரில், கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார். என் போனில் அவர் இல்லை. திரை முழுவதும் மங்கலான மஞ்சள், நடுவில் கொஞ்சம் செம்மண் நிறம். வேறு ஒன்றும் இல்லை.

அப்போதுதான் அவர் கையிலிருந்த போனை நான் உண்மையிலேயே பார்த்தேன். திரைக்கு மேலே, சரியாக நடுவில், சந்தனப் பொட்டு. அதற்குள் குங்குமம். காய்ந்து பிடித்துப்போயிருந்தது. அதற்கு அடியில்தான் முன்பக்கக் கேமரா.

அன்று காலையிலிருந்து கடைக்கு வந்த போன்களில் பொட்டு இல்லாத போன் ஒன்றிரண்டு இருந்தால் அதிகம். ஆயுத பூஜை முடிந்த கையோடு திருமங்கலத்தில் பொட்டில்லாத பொருளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சும்மாவே பார்க்காதவள், அன்றைக்கா பார்க்கப்போகிறேன்?

"அண்ணே, பொட்டு யாரு வச்சது?"

"எம்பொஞ்சாதி. பூசைக்கு அருவா, மம்பட்டியெல்லாம் கழுவி வச்சா. கூடவே போனையும் வச்சு, நெத்தி மாதிரி பாத்து அவதேன் வச்சா."

"அந்த இடத்துலதான் கேமரா இருக்கு. பொட்டு அதை மறைச்சிருச்சு. நீங்க பேசுனது கேட்டிருக்கும். உங்க முகம் தெரிஞ்சிருக்காது."

அவர் என் போனைப் பார்த்தார். அந்த மஞ்சளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப எம்மகளுக்கு நான் தெரியலையா?"

பிறகு அவர் சொன்னதெல்லாம் துண்டு துண்டாக வந்தது. செல்வி ஒரே மகள். தனக்குப் பிடித்த பையனைக் கட்டிக்கொண்டு ஓசூருக்குப் போய்விட்டாள். பையன் வேறு ஆட்கள். கல்யாணம் முடித்து இருவரும் வாசலில் வந்து நின்றபோது இவர் கதவுக்குக் குறுக்கே கையை வைத்து, "இனிமே எம்மொகத்துல முழிக்காத" என்று சொல்லிவிட்டார். அதற்கப்புறம் போனும் இல்லை, பேச்சும் இல்லை. இப்போது அவளுக்கு ஒரு பெண் குழந்தை, சுவரைப் பிடித்து நிற்கிறதாம். மகளுடைய சிநேகிதி ஒருத்தியிடம் பேச்சுவாக்கில் அது தெரியவந்தது. நம்பரும் அவளிடம் வாங்கியதுதான்.

"பூசை முடிச்சதும் அடிச்சேன் தாயி. எடுத்துட்டா. பிள்ளைய இடுப்புல வச்சிருந்தா. அப்பா அப்பான்னு கூப்புட்டா. எனக்குத் தொண்டைய அடைச்சுருச்சு, பேச்சு வரல. மொகத்தத்தேன் பாக்குறாள்ல, பேசலேன்னா என்னன்னு உக்காந்திருந்தேன். செத்த நேரம் பாத்தா. அழுதா. வச்சுட்டா. அப்பறம் அடிச்சா எடுக்கல. பொஞ்சாதி என்னையத் திட்டுறா, என்னத்தச் சொல்லித் தொலச்சேன்னு. நான் ஒண்ணுமே சொல்லலையே."

எனக்கு விளங்கிவிட்டது. அவள் பக்கத்திலிருந்து பார்த்தால், அப்பாவின் படம் போட்ட நம்பரிலிருந்து வீடியோ கால் வருகிறது. எடுக்கிறாள். அந்தப் பக்கம் பேச்சு இல்லை. முகமும் இல்லை. முகத்தில் முழிக்காதே என்று சொன்னவர், அதைச் செய்து காட்டுவதற்காகவே போன் போட்டது மாதிரி அவளுக்கு இருந்திருக்கும்.

அதை நான் சொல்லவில்லை. அவரே சொன்னார்.

"சொன்னதச் செஞ்சு காட்டுறேன்னு நெனச்சிருப்பாளோ?"

பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு தண்ணீர் பாட்டிலைத் தேடினார். பாட்டில் அவர் கையில்தான் இருந்தது.

5. தொடைக்காதீங்க

கண்ணாடி துடைக்கும் துணியை எடுத்து அவரிடம் நீட்டினேன். "நீங்களே துடைச்சுருங்கண்ணே."

அவர் வாங்கவில்லை. "வச்சவ அவ. அவகிட்டக் கேக்காம எப்டித் தொடைக்க?" என்றார். மகளுக்காக உயிரே போகிறது, அப்போதும் அவருக்கு அது ஒரு முறைமை. பழைய நானாக இருந்திருந்தால் என் வாய் சும்மா இருந்திருக்காது. அன்று துணியை மடித்து வைத்தேன்.

மறுபடியும் செல்விக்குச் சாதாக் கால் அடித்துப் பார்த்தோம். மணி அடித்து ஓய்ந்தது. அவர் வீட்டில் வேறு சிம் போட்ட ஒரு பட்டன் போன் இருந்தது, அதற்கு அடித்து மனைவியை வரச் சொன்னார். காரணம் சொல்லவில்லை. "கெளம்பி வா, மகளுக்குத்தேன்" என்றார். அந்தப் பக்கம், "இந்தா வாரேன்" என்று ஒரே சொல் கேட்டது.

அவர் மனைவி பஞ்சவர்ணம் அக்கா பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது சேலைத் தலைப்பில் மாவு ஒட்டியிருந்தது. அடுப்பு வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கிறார். நான் என் போனில் வீடியோ காலைப் போட்டு அவருக்கும் அந்த மஞ்சளைக் காட்டினேன். பொட்டைக் காட்டினேன். அவருக்குப் புரிய நேரமே ஆகவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நாந்தேன் மறச்சுட்டேனா? நல்லபடியா பேசி முடியணும்னு நெனச்சுல்ல வச்சேன். நானே எம்புள்ள கண்ண மறச்சுட்டேனா?"

"நீ என்னத்தக் கண்ட," என்றார் இருளப்பன் அண்ணன். "எனக்குந்தேன் தெரியல."

அக்கா சேலைத் தலைப்பை நுனியில் நனைத்துக்கொண்டு போனைக் கையில் எடுத்தார். துடைக்கப் போகிற நேரத்தில் எனக்கு ஒன்று தோன்றியது.

"அக்கா, இருங்க! தொடைக்காதீங்க!"

கடையிலிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன். துடைத்துவிட்டால் அப்புறம் செல்வி எதை நம்புவாள்? கேமராவில் கோளாறு என்று நாங்கள் சொன்னால், இத்தனை நாள் கழித்து நல்ல சாக்கு கண்டுபிடித்தார் அப்பா என்றுதான் நினைப்பாள். ஆனால் அவள் அந்த வீட்டில் வளர்ந்தவள். அம்மா எதற்கு எப்படிப் பொட்டு வைப்பார் என்று அவளுக்குத் தெரியாதா?

அக்காவைப் போனை நெஞ்சுக்கு முன்னால் பிடிக்கச் சொன்னேன். பொட்டு நன்றாகத் தெரியும்படி என் போனில் ஒரு போட்டோ எடுத்தேன். காப்புக் கிடந்த கை, கையில் போன், போன் தலையில் சந்தனமும் குங்குமமும். அதை இருளப்பன் அண்ணனின் போனுக்கு அனுப்பி, அதிலிருந்து செல்விக்கு அனுப்பினேன். மைக் படத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "பேசுங்கக்கா" என்றேன்.

அக்கா போனுக்குள் விழுந்துவிடுகிற மாதிரி குனிந்து பேசினார். "ஏத்தா செல்வி, அப்பா ஒளியலத்தா. பொட்டு வச்சது நானு. அதுக்கடியில கேமரா இருக்காம், எனக்கென்ன தெரியும்? அவரு ஒன்னயவே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு. எடுத்தா. எடுத்துப் பேசுத்தா."

அனுப்பினேன். இரண்டு டிக் விழுந்தது. வேலை மும்முரத்தில் இருப்பாளோ என்னவோ, நிறம் மாறவில்லை. இதற்கு நடுவில் ஒருவர் வந்து டெம்பர் கிளாஸ் ஒட்டச் சொன்னார். ஒட்டினேன். கோணலாக ஒட்டிவிட்டேன், பிரித்து வேறு ஒட்டினேன். கண் எல்லாம் அந்தப் போன் மேலேயே இருந்தது. அக்கா அதற்குள் பொட்டைத் துடைத்து, துடைத்த தலைப்பைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

டிக் நீலமாக மாறியது. அதை அவர்கள் இருவரிடமும் சொல்லலாமா வேண்டாமா என்று நான் தவித்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. வீடியோ கால். செல்வி.

இருளப்பன் அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். பெருவிரலால் தொட்டார், எடுக்கவில்லை. ஆள்காட்டி விரலால் தொட்டார், எடுக்கவில்லை. "சுண்டு விரலுண்ணே!" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. சுண்டு விரலை நீட்டித் தள்ளினார்.

திரையில் ஒரு பெண் முகம். அழுது வீங்கிய கண். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்.

"அப்பா, போனக் கொஞ்சம் கீழ எறக்குங்க. நெத்திதேன் தெரியுது."

அவர் இறக்கினார். அதிகமாக இறக்கிவிட்டார், அக்கா பிடித்துச் சரி செய்தார். மூலையிலிருந்த சின்னக் கட்டத்தில் இப்போது மஞ்சள் இல்லை. நரைத்த மீசை இருந்தது.

நாங்கள் எல்லாரும் அவர் என்ன பேசப்போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். மன்னிப்புக் கேட்பார் என்றோ, வீட்டுக்கு வரச் சொல்வார் என்றோ நான் எதிர்பார்த்தேன். அவர் என்னிடம் முதல் நாள் கேட்ட அதே கேள்வியைத்தான் அவளிடமும் கேட்டார்.

"மொகம் தெரியுதா?"

"தெரியுதுப்பா."

"நல்லாத் தெரியுதா?"

"நல்லாத் தெரியுதுப்பா."

அவர் அழுதுகொண்டே நின்றார், முகத்தை மட்டும் திருப்பவில்லை. எனக்கும் அழுகை வந்தது. கவுன்ட்டருக்கு அடியில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டு அழுதேன். அந்தப் பக்கத்தில் குழந்தை எதற்கோ கத்தியது, அக்கா போனைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார். அப்புறம் பேச்சுக்கு என்ன குறை?

6. பொட்டு வைக்கிற இடம்

இப்போது எங்கள் கடையில் ஒரு புதுப் பழக்கம் இருக்கிறது. போனைப் பெட்டிக்குள் வைத்துக் கொடுப்பதற்கு முன் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டுவேன். "பொட்டு வைக்கிறதா இருந்தா இங்க, கீழ வைங்க. மேல வச்சீங்கன்னா கேமரா மறைஞ்சுரும்." யாருக்கும் கோபம் வந்ததில்லை. சில பேர் அங்கேயே சந்தனம் கேட்டார்கள் என்பதற்காகப் பாய் ஒரு சின்னக் கிண்ணத்தில் சந்தனமும் குங்குமமும் வாங்கிக் கவுன்ட்டரில் வைத்துவிட்டார். அவருக்கு இதில் ஒரே பெருமை.

"பொட்டு வைக்க எடம் காட்டுறதுக்கு ஒரு பாயும் ஒரு வேதக்காரம்மாவும். இப்டி ஒரு கடை வேற எங்க இருக்கு எஸ்தரம்மா?" என்று சிரிப்பார்.

இருளப்பன் அண்ணன் அந்தப் போனைத்தான் இன்னும் வைத்திருக்கிறார். கண்ணாடி கீறல் விழுந்து மாற்றியிருக்கிறோம், பேட்டரி மாற்றியிருக்கிறோம். புதிதாக ஒன்று எடுங்களேன் என்றால் கேட்கமாட்டார். செல்வி வீட்டுக்கு வந்து போய் இருக்கிறாளா என்று நான் கேட்டதில்லை. போன பொங்கலுக்கு முன்னால் ஒரு குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைக்குள் வந்தார். "இந்தா டீச்சரு, இவளுக்கும் சுண்டு விரலக் காட்டிக் குடு" என்றார். அது நான் சொல்லித்தர வேண்டிய நிலையில் இல்லை. ஐந்து விரலாலும் என் டெமோ போனைப் பிடித்து இழுத்தது.

கடைக்குப் புதிதாக வேலைக்கு வரும் பெண்கள் என்னிடம் கேட்பது ராம், பிராசஸர், மெகாபிக்ஸல் கணக்குத்தான். அவர்களிடம் நான் சொல்வது இதுதான்: அதையெல்லாம் மனப்பாடம் செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வாடிக்கையாளர் கவுன்ட்டருக்கு வந்ததும் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது அது இல்லை. அன்று கூட்டத்தோடு கூட்டமாக நின்றவர் எனக்கு முழுப் பதிலையும் முதல் கேள்வியிலேயே சொல்லிவிட்டார். நான்தான் ஸ்டோரேஜ் பேசிக்கொண்டிருந்தேன்.

இப்போது யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: "யாரு மொகத்தப் பாக்கணும்?" சிலர் சிரிப்பார்கள். சிலர் மகன் துபாயில் இருக்கிறான் என்பார்கள். சிலர் ஒன்றும் சொல்லாமல் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுப்பார்கள். அப்படி எடுத்தால் எவ்வளவு கூட்டமாக இருந்தாலும் உட்காரவைத்து, கடையிலேயே ஒரு வீடியோ கால் போட்டு, மூலைக் கட்டத்தில் அவர்கள் முகம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அனுப்புவேன்.